ராத்திரி ஏழரை மணிக்கு யார் சமைப்பது?

கேள்வி: எனக்கு வயது 34. நானும் கணவரும் சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கிறோம். ஆறு வயதில் ஒரு மகள். போன மாதம் எடுத்த பரிசோதனையில் கணவருக்கு (வயது 38, எடை 84 கிலோ) ட்ரைகிளிசரைடு 268, பி.பி. 142/92, ஈரலில் கொழுப்பு முதல் நிலை என்று வந்திருக்கிறது. "வெளிச் சாப்பாட்டை நிறுத்துங்க" என்று மட்டும் சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார். மதியம் எங்கள் இருவருக்கும் ஆபீஸ் கேன்டீன். ராத்திரி, வாரத்தில் ஐந்து நாளாவது ஆப்பில் ஆர்டர். ஆனால் பிரியாணி, பீட்சா என்றெல்லாம் நாங்கள் போவதில்லை. இட்லி, தோசை, பரோட்டா, சப்பாத்தி குருமா, இவ்வளவுதான். அதிலுமா தப்பு? நான் வீடு வந்து சேர ஏழரை ஆகிவிடும். அதற்கு மேல் சமைக்கத் தெம்பு இல்லை. கணவர் "நீ சமைச்சா நான் சாப்பிடறேன்" என்கிறார். மாமியார் போனில் "வீட்டுச் சாப்பாடு இல்லாததாலதான் என் பிள்ளைக்கு இப்படி" என்கிறார். மாதம் பதினோராயிரம் ரூபாய் ஆர்டருக்கே போவது வேறு உறுத்துகிறது. வீட்டில் சமைத்தால் நிஜமாகவே இந்த எண்கள் இறங்குமா? ஹோட்டலில் போடும் அஜினோமோட்டோதான் காரணமா?

பெயர் வேண்டாம், சென்னை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் மாமியார் சொன்னதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். 38 வயது மனிதரின் ரத்தத்தில் கொழுப்பு ஏறியதற்கு அவர் மனைவி சமைக்காதது காரணம் ஆகாது. என்ன சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்று அவரும்தான் தினமும் முடிவு செய்திருக்கிறார். அதனால் இந்தப் பதிலை உங்கள் இருவருக்குமாகவே எழுதுகிறேன். அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

எண்களைப் பார்ப்போம். ட்ரைகிளிசரைடு, அதாவது ரத்தத்தில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்பு, 150-க்குக் கீழே இருக்க வேண்டும். 200-ஐத் தாண்டினாலே அதிகம் என்றுதான் கணக்கு. ஆனால் அன்றைக்கு அவர் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தாரா என்று கேளுங்கள். கம்பெனி கேம்ப்களில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து வரிசையில் நிற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படியிருந்தால் எண் கூடுதலாகக் காட்டும். பி.பி.யும் ஒரே ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவாகாது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, வேறு வேறு நாட்களில் பார்க்க வேண்டும். அப்போதும் 140/90-க்கு மேலேயே இருந்தால் மறுபடி டாக்டரிடம் போங்கள். அவர் மாத்திரை கொடுத்தால் போட்டே ஆக வேண்டும். வீட்டில் சமைக்கிறோம் என்று மாத்திரையைத் தள்ளிப் போடக் கூடாது.

சரி, இட்லி தோசையில் என்ன தப்பு என்ற கேள்விக்கு வருகிறேன். இட்லியில் ஒரு தப்பும் இல்லை. அதோடு என்ன வருகிறது என்பதுதான் விஷயம். என்னிடம் வரும் குடும்பங்களுக்கு நான் சொல்லும் ஒரு சின்ன வேலையை நீங்களும் செய்து பாருங்கள். அடுத்த முறை பரோட்டாவோ சப்பாத்தியோ வரும்போது, கூட வரும் குருமாவையும் சால்னாவையும் சாப்பிடாமல் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி, மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் திறந்து பாருங்கள். பெரும்பாலும் மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஏடு கட்டியிருக்கும். ஸ்பூனால் வழித்து ஒரு டம்ளரில் போடுங்கள். பாமாயிலும் டால்டாவும் குளிரில் அப்படித்தான் உறையும். வீட்டில் கடலை எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ வைக்கிற குழம்பில் ஏடு இப்படிக் கெட்டியாக நிற்காது. ஆனால் எண்ணெய் மிதக்கிறதா என்று பார்க்க முடியும். அந்த டம்ளரை உங்கள் கணவர் கையில் கொடுங்கள். நான் ஒரு மணி நேரம் பேசிப் புரியவைப்பதை அது ஒரு நொடியில் புரியவைத்துவிடும்.

இதை ஹோட்டல்காரர்களைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. ஹோட்டல் நடத்தும் ஒருவர் என்னிடம் ஆலோசனைக்கு வருவார். ஒருநாள் அவர் கடைச் சமையல்கட்டில் சாயங்காலம் முழுக்க நின்று பார்த்தேன். நாலு மணிக்கே குருமா அண்டாவில் தயார். ஆறு மணிக்கு முதல் வாடிக்கையாளர், கடைசி ஆள் பதினொரு மணிக்கு. அத்தனை நேரமும் அது வறண்டு போகாமல், மேலே பளபளப்பு குறையாமல் இருக்க வேண்டும் என்றால் எண்ணெய் மிதக்கத்தான் வேண்டும். தோசைக்கல் பக்கத்தில் ஒரு டப்பாவில் எண்ணெயும் அதில் ஒரு குழிக்கரண்டியும். மாஸ்டர் பேசிக்கொண்டே, பார்க்காமலே, ஒவ்வொரு தோசையைச் சுற்றியும் ஊற்றிக்கொண்டு போனார். கை தன்னால் போகிறது. ரோஸ்ட் முறுகலாக வர வேண்டும், சீக்கிரம் கல்லை விட்டு எழும்ப வேண்டும், டேபிளில் இருப்பவர் காத்திருக்கக் கூடாது. அவருடைய தொழிலில் அது சரிதான். நேற்று வந்தவருக்கு இருந்த அதே ருசி இன்றைக்கும் இருக்க வேண்டும் என்பதால் உப்பும் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். உங்கள் கணவரின் ஈரலைப் பற்றி யோசிக்க வேண்டிய இடத்தில் அந்த மாஸ்டர் இல்லை. வீட்டில் சமைப்பதால் வரும் பெரிய லாபமே அந்தக் கரண்டி உங்கள் இருவர் கைக்கு வருகிறது என்பதுதான்.

அஜினோமோட்டோவைக் கேட்டிருக்கிறீர்கள். அதன் மேல் இவ்வளவு பயம் தேவையில்லை. அதில் இருக்கும் சோடியம், அதே எடை சாதாரண உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. பி.பி.யை ஏற்றுவது பெரும்பாலும் நம் வீட்டு உப்பு டப்பாவில் இருக்கும் அதே உப்புதான். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதே அளவைத்தான் சொல்கிறது. எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து, நாளொன்றுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 27 கிராம் என்றும் அதில் இருக்கிறது. டீஸ்பூன் கணக்கில் ஆறு. காலைத் தாளிப்பிலிருந்து ராத்திரி தோசை வரைக்கும் சேர்த்து ஆறு. முறுகலான ஒரு ரோஸ்ட், பக்கத்தில் ஒரு கிண்ணம் குருமா என்று போனால் இதில் பெரும் பங்கு ஒரே வேளையில் முடிந்துவிடும்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வீட்டில் சமைப்பதாலேயே சாப்பாடு நல்லதாகிவிடாது. தினமும் வீட்டிலேயே சாப்பிட்டு, என்னிடம் 160 பி.பி.யோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். விசாரித்தால் மதியம் இரண்டு அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய், ராத்திரி தயிர்சாதத்துக்கு மறுபடி ஊறுகாய். எண்ணெயை பாக்கெட்டிலிருந்து நேரே வாணலியில் சாய்ப்பார்கள். அதனால் நீங்கள் ஆரம்பிக்கும்போதே இரண்டு காரியம் செய்யுங்கள். உப்பு பாக்கெட் உடைக்கும் அன்றைக்குத் தேதியை அதன் மேல் எழுதுங்கள். உங்கள் மூன்று பேருக்கு ஒரு கிலோ உப்பு மூன்று மாதமாவது வர வேண்டும். எண்ணெய் பாக்கெட்டிலும் தேதி எழுதுங்கள். நெய்யையும் சேர்த்து மாதம் இரண்டு லிட்டரைத் தாண்ட வேண்டாம். மதியம் கேன்டீனில் சாப்பிடும் எண்ணெய் இதில் வராது, அதனால்தான் கொஞ்சம் இறுக்கிச் சொல்கிறேன். தினமும் அளந்து அளந்து ஊற்ற யாருக்கும் பொறுமை இருக்காது. மாதக் கடைசியில் பாக்கெட்டைப் பார்த்தால் போதும். ஒரு எண்ணெய் டம்ளரும் அதற்குள் ஒரு டீஸ்பூனும் அடுப்பு மேடையில் நிரந்தரமாக இருக்கட்டும்.

அடுத்து, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த வரி: "நீ சமைச்சா நான் சாப்பிடறேன்." 2019-ல் மத்திய அரசின் புள்ளியியல் துறை, நம் மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அப்போது அதற்கு நாளுக்கு 299 நிமிடம் செலவழித்தார்கள். ஈடுபடும் ஆண்களுக்கு அது 97 நிமிடமாக இருந்தது. வீட்டுச் சமையலுக்குத் திரும்புங்கள் என்று ஒரு குடும்பத்துக்குச் சொல்லும்போது, பல நேரம் அந்த 299-ல் இன்னொரு நாற்பது நிமிடத்தை ஏற்றிவிட்டு வருகிறோம். அந்த ஏற்பாடு மூன்று வாரம்கூட நிற்காது. நான் கண்ணால் பார்த்தது இது. ஆறு மணிக்கு எழுந்து, எட்டு மணி நேரம் வேலை பார்த்து, ஏழரைக்கு வந்து நின்று சமைக்கும் பெண் ஒருநாள் முடியாமல் உட்காருவாள். அன்றைக்கு ஆப் மறுபடி திறக்கும். அதன் பிறகு பழைய கதைதான்.

ஆகவே ஐயா, இந்தப் பத்தி உங்களுக்கு. பி.பி. உங்களுடையது, ஈரல் உங்களுடையது. மனைவிக்கு "உதவி" செய்கிறேன் என்று காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு டி.வி. முன்னால் போய் உட்காருவது போதாது. வாரத்தில் இரண்டு ராத்திரிச் சாப்பாடு முழுக்க உங்கள் பொறுப்பு. என்ன செய்வது என்று யோசிப்பதிலிருந்து பாத்திரம் கழுவி மேடையைத் துடைப்பது வரைக்கும். ஞாயிற்றுக்கிழமை மாவு அரைப்பதும் உங்கள் வேலை. கிரைண்டர் ஓடுகிறது, நீங்கள் பக்கத்தில் நின்று தள்ளிவிட்டால் போதும். என்னிடம் வந்த ஒரு பெரியவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவிக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது 58 வயதில் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். முதல் நாள் புளியைக் கரைக்காமல் உருண்டையாகவே போட்டுவிட்டாராம். இப்போது அவர் வீட்டில் ரசம் அவர் கையால்தான். சர்க்கரையும் பி.பி.யும் கட்டுக்குள் இருக்கின்றன. எவ்வளவு உப்பு போடுகிறோம் என்பது போடுகிற கைக்குத்தான் தெரியும், அதுதான் அவருக்குக் கைகொடுத்தது என்று நினைக்கிறேன்.

இப்போது ஏழரை மணிக்கு வருவோம். நீங்கள் எப்போது ஆர்டர் போடுகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகா, கேபில் வரும்போதா? பலரும் வழியிலேயே, பசியோடு, டிராஃபிக்கில் நிற்கும்போது போடுகிறார்கள். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்ட உடம்பு, இடையில் சர்க்கரை போட்ட டீயும் பிஸ்கட்டும் மட்டும் என்றால் ஏழு மணிக்குச் சமையலைப் பற்றி நினைக்கவே விடாது. அதனால் சமையலை மாற்றுவதற்கு முன் சாயங்காலத்தை மாற்றுங்கள். ஐந்தரை மணிக்கு இருவரும் ஏதாவது சாப்பிடுங்கள். ஒரு கைப்பிடி வறுத்த கடலை, ஒரு கொய்யாப்பழம், டப்பாவில் கொண்டுபோன சுண்டல், எதுவானாலும் சரி. ஏழரைக்கு வீடு வரும்போது அடுப்பைப் பற்ற வைக்கும் தெம்பு இருக்கும். அப்படியே டீயில் சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். ட்ரைகிளிசரைடை ஏற்றுவதில் சர்க்கரைக்கும் மைதாவுக்கும் எண்ணெய்க்குக் குறையாத பங்கு உண்டு. மது பழக்கம் இருந்தால் அதற்கும் உண்டு. நீங்கள் அதை எழுதவில்லை. இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். மாவு ஃப்ரிட்ஜில் நாலைந்து நாள் தாங்கும். அரைக்க முடியாத வாரம் கடை மாவு வாங்குங்கள், அதில் குற்றவுணர்ச்சி வேண்டாம். கடை மாவில் வீட்டில் ஊற்றும் தோசைகூட ஆப்பில் வரும் ரோஸ்ட்டைவிட நல்லதுதான், எண்ணெய் உங்கள் ஸ்பூனில் இருக்கிறது. வெங்காயமும் தக்காளியும் நறுக்கி, இஞ்சி பூண்டு போட்டு, நாலு டீஸ்பூன் எண்ணெயில் ஒரு தொக்கு வதக்கி வையுங்கள். ஒரு டம்ளர் கொண்டைக்கடலையை முந்தின ராத்திரியே ஊறப் போட்டு வேகவைத்துப் பாதியை ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பீன்ஸ், கேரட் நறுக்கி டப்பாவில். தேங்காய் துருவி ஃப்ரீசரில். அவ்வளவுதான். ஞாயிறு அன்றே வாரம் முழுவதற்கும் குழம்பு வைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். சாதம் மீந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். சென்னை வெயிலில் ராத்திரி முழுக்க மேடையில் இருந்த சாதத்தை மறுநாள் சூடு பண்ணிக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

இது கையில் இருந்தால் ராத்திரிச் சாப்பாடு இருபத்தைந்து நிமிடம். ஒருநாள் தோசையும் தொக்கும். தொக்கில் கொண்டைக்கடலையும் ஒரு ஸ்பூன் தேங்காயும் அரைத்துவிட்டால் அதுவே குருமா. ஒருநாள் அரிசி, பாசிப்பருப்பு, நறுக்கின காய், மிளகு, சீரகம் எல்லாம் ஒரே குக்கரில், மூன்று விசில். தாளிக்க இரண்டு டீஸ்பூன் நெய் மூன்று பேருக்கும் போதும். அது கொதிக்கிற நேரத்தில் மகளுக்குத் தலை பின்னிவிடலாம். ஒருநாள் சாதம், ரசம், முட்டைப் பொரியல், பீன்ஸ். ஒருநாள் கோதுமை ரவை உப்புமா, ரவைக்குச் சரிபாதி காய் போட்டு. புளிக்க வைக்கத் தேவையில்லாத அடை மாவு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது, பருப்பும் உள்ளே போகும். உங்கள் கணவர் தட்டில் மட்டும் ஒரு மாற்றம்: முதலில் காய், அப்புறம் சாதமோ தோசையோ. மூன்று தோசை சாப்பிடுகிறவர் இரண்டோடு நிற்க அது உதவும். 84 கிலோவில் ஆறு கிலோ குறைந்தாலே ஈரலில் வித்தியாசம் தெரியும். சாப்பிட்ட பிறகு மூவருமாக இருபது நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள்.

முதல் இரண்டு வாரம் "சப்புனு இருக்கு" என்ற புகார் வரும், தயாராக இருங்கள். ஹோட்டல் உப்புக்குப் பழகின நாக்கு வீட்டு உப்புக்குத் திரும்பச் சில வாரம் பிடிக்கும். அந்த நேரத்தில் உப்பைக் கூட்டாமல் எலுமிச்சை பிழியுங்கள், மிளகு தூவுங்கள், கொத்தமல்லியைத் தாராளமாகக் கிள்ளிப் போடுங்கள். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். அதில் பொட்டாசியம் இருக்கும். சில பி.பி. மாத்திரைகளோடும் சிறுநீரகக் கோளாறோடும் அது சேராது.

கேன்டீனை இப்போதைக்கு அப்படியே விடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதுவும் நிற்காது. அப்பளத்தையும் ஊறுகாயையும் எடுக்காமல், பொரியலை இரண்டு கரண்டி கேட்டு வாங்கினால் போதும்.

வெளிச் சாப்பாட்டை அடியோடு நிறுத்தச் சொல்ல மாட்டேன். வாரத்துக்கு ஒருநாள் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆர்டர் வேண்டாம், மூவரும் கிளம்பிப் போய் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஆப்பில் "இன்னும் இவ்வளவு ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்" என்று வரும்போது தேவையில்லாத ஒரு பரோட்டா செட் சேர்ந்துவிடுகிறது. கொதிக்கும் சாம்பார் டப்பாவில் அடைபட்டு வருகிறது. கடையில் உட்கார்ந்தால் இரண்டு இட்லி சாப்பிட்டு, பசி அடங்கிவிட்டதா என்று பார்த்து, அப்புறம் அடுத்ததைச் சொல்லலாம். அண்டாவில் இருக்கும் குருமாவையும் சாம்பாரையும் உங்களுக்காக யாரும் மாற்ற முடியாது. ஆனால் கல்லில் அப்போதைக்கப்போது போடும் தோசை, ஊத்தப்பம், ஆம்லெட் இவற்றுக்கு "எண்ணெய் கம்மியா" என்று சொன்னால் மாஸ்டர் செய்து தருவார். பொரித்த பண்டம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். பொரித்த எண்ணெய் எந்த அளவு கெட்டபின் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு 2018 ஜூலையிலிருந்து உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு இருக்கிறது. ஆனால் நம் டேபிளுக்கு வரும் வடை எத்தனையாவது சூட்டில் பொரிந்தது என்று நமக்குத் தெரியப்போவதில்லை.

பணம் நிச்சயம் மிஞ்சும். பதினோராயிரத்தில் சாப்பாட்டின் விலை மட்டுமில்லை, பேக்கிங், டெலிவரி, வரி எல்லாம் இருக்கிறது. மிஞ்சுவதில் ஒரு பங்கை, வாரத்தில் மூன்று நாள் காய் நறுக்கி, பாத்திரம் கழுவ வரும் ஒரு அம்மாவுக்குக் கொடுக்க முடிந்தால் தயங்காமல் கொடுங்கள்.

இறங்குமா என்று கேட்டீர்கள். எண்ணெயும் சர்க்கரையும் மைதாவும் குறைந்து, எடையும் கொஞ்சம் இறங்கினால் ட்ரைகிளிசரைடு நன்றாகவே இறங்கும். பெரும்பாலானவர்களிடம் நான் பார்த்தது அதுதான். பி.பி. மெதுவாக வரும். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை எடுங்கள். முந்தின ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிட்டு, காலையில் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போகட்டும். ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள். உப்பு பாக்கெட்டில் எழுதிய தேதியையும் சேர்த்து எழுதுங்கள். இந்த முறை கடிதத்தை அவர் எழுதட்டும்.